அக்காபுல்கோ: ஒரு துறைமுகத்தின் கதை



"பத்து வெள்ளி இருக்கா?" என்று தினமும் கேட்கிறோம். கையில் இருப்பதோ நோட்டு. அதை ஏன் வெள்ளி என்கிறோம்? என்றாவது யோசித்ததுண்டா?

ஒரு காலத்தில் அது உண்மையாகவே வெள்ளிக்காசு. ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பல் பல்லாக வெட்டிய விளிம்பு என்று பொருள். ஸ்பானியரின் வெள்ளி நாணயத்துக்கு அப்படி விளிம்பு இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. அந்த நாணயங்களில் பெரும்பகுதி மெக்சிக்கோவில் அடிக்கப்பட்டவை. ஆசியாவுக்கு அவை கப்பலேறிய துறைமுகம்தான் அக்காபுல்கோ.

மெக்சிக்கோவின் மேற்குக் கரையில், பசிபிக் மாகடலை நோக்கி இருக்கிறது இவ்வூர். சுற்றிலும் மலை, நடுவே ஆழமான குடா. கப்பல்கள் காற்றுக்கு அஞ்சாமல் நங்கூரம் போடலாம். 1521இல் மெக்சிக்கோவைப் பிடித்த ஸ்பானியர், பிறகு பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் கப்பல் விட்டார்கள். போக வழி தெரிந்தது. திரும்பி வரத்தான் காற்று விடவில்லை. 1565இல் ஊர்தனேத்தா என்ற பாதிரியார் கப்பலை வடக்கே செலுத்தச் செய்து, அங்கே மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்து, அக்காபுல்கோ வந்து சேர்ந்தார். அவர் காட்டிய வழியில் 1815 வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள், கப்பல்கள் ஓடின.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு கப்பல்கள்தாம் மணிலாவிலிருந்து வரும். சீனப் பட்டு, பீங்கான், இந்தியப் பருத்தித் துணி, வாசனைப் பொருள்கள் எல்லாம் நிறைந்திருக்கும். வந்து சேர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். பசியாலும் நோயாலும் வழியிலேயே செத்தவர் பலர். கப்பல் வந்துவிட்டால் ஊரே திருவிழாதான்! 1803இல் அங்குச் சென்ற ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர், 4,000 பேர் வாழும் அந்த ஊரில் சந்தை நாளில் 9,000 பேர் கூடுவர் என்று எழுதினார். கொள்ளையர் பயமும் இருந்தது. 1615இல் டச்சுக் கப்பல்கள் வந்து மிரட்டியபின், சான் தியாகோ கோட்டையைக் கட்டினார்கள். 1776இல் நிலநடுக்கம் அதைச் சிதைத்தது. மறுபடி கட்டிய கோட்டை இன்று அரும்பொருளகமாக நிற்கிறது.

சந்தை முடிந்தால்? பட்டும் பீங்கானும் கோவேறு கழுதைகள்மேல் ஏறி மலைப்பாதையில் மெக்சிக்கோ நகரம் போய்விடும். வெள்ளி கப்பலேறிவிடும். ஊரில் மிஞ்சியது வெயிலும் காய்ச்சலும் கூலிக்காரர்களுமே.

அந்தக் கூலிக்காரர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் இருந்தார்கள். ஆசியாவில் வாங்கப்பட்ட அடிமைகளும் மணிலா கப்பலில் வந்து இறங்கினார்கள். அவர்களுள் ஒருத்தி இந்தியாவில் பிறந்த சிறுமி. போர்த்துகீசியர் அவளைப் பிடித்துக் கொச்சிக்குக் கொண்டு சென்றார்கள். மணிலாவில் விற்கப்பட்டு, 1620ஐ ஒட்டி அக்காபுல்கோவில் கரையேறினாள். கத்தரினா தெ சான் ஹுவான் என்பது அவளுக்குப் பிறர் வைத்த பெயர். அவள் 1688இல் புவெப்லா நகரில் இறந்தபோது, புனிதவதி என்று ஊரே திரண்டு வந்து அஞ்சலி செலுத்தியது. அதற்கு முன்பே, 1672இல், ஆசிய அடிமைகளை விடுவிக்கும்படி ஸ்பெயின் அரசி கட்டளையிட்டிருந்தார்.

பிலிப்பைன்ஸ் மாலுமிகள் கதை வேறு. 1618இல் ஒரு கப்பலில் வந்த 75 பேரில் திரும்பிப் போனவர் ஐந்தே பேர்! மற்றவர்கள் கரையோரத்திலேயே தங்கிவிட்டார்கள். தென்னையில் பாளை சீவிக் கள் இறக்கினார்கள். அந்தச் சரக்கு பிடித்துப்போனதால் ஸ்பெயின் திராட்சை மதுவை யாரும் வாங்கமாட்டார்கள் என்று ஒரு கப்பல் அதிகாரி மன்னருக்கே முறையிட்டார். கேட்டால் சிரிப்பு வருகிறதல்லவா? தூபா என்ற பிலிப்பைன்ஸ் பெயரிலேயே அந்தக் கள் இன்றும் அக்கரையில் விற்கப்படுகிறது.

கழுதை ஓட்டியவர்களையும் மறந்துவிடக் கூடாது. இளமையில் அந்த வேலை செய்த மொரேலோஸ், பிறகு பாதிரியாராகி, விடுதலைப் போருக்குத் தலைமை தாங்கி, 1813இல் அந்தக் கோட்டையையே பிடித்தார். கழுதை ஓட்டும் குடும்பத்தில், ஆப்பிரிக்க இரத்தக் கலப்புடன் பிறந்தவர் விசெந்தே கெரேரோ. 1829இல் நாட்டின் அதிபராகி அடிமை முறையை ஒழித்தார். அக்காபுல்கோ இருக்கும் மாநிலத்துக்கே இன்று கெரேரோ என்று பெயர்.

கப்பல் நின்றபின் ஊர் தூங்கிக் கிடந்தது. 1927இல் தலைநகரிலிருந்து மோட்டார் சாலை வந்தது. பின்னால் உல்லாசப் பயணிகளும் பெரிய ஹோட்டல்களும் வந்தன. 2023 அக்டோபர் 25இல் ஓட்டிஸ் என்ற சூறாவளி ஒரே இரவில் ஊரைப் புரட்டிப் போட்டது. பலர் மாண்டனர். மக்கள் மீண்டும் வீடு கட்டத் தொடங்கினார்கள்.

பெற்றோர்களே, அந்தக் கப்பல்கள் ஏற்றி வந்த பட்டு எப்போதோ கிழிந்துவிட்டது. மாலுமி இறக்கிய கள் இருக்கிறது. மெக்சிக்கோவிலிருந்து பிலிப்பைன்ஸ் வழியாக இந்தப் பக்கம் வந்த சிக்குப் பழம் நம் வீட்டுக் கொல்லையில் காய்க்கிறது. சிக்கு, சப்போட்டா என்ற இரண்டு பெயருமே மெக்சிக்கோ பூர்வகுடிகளின் மொழியில் பிறந்தவைதாம். மூட்டை சுமந்தவன் பெயரைப் பெரும்பாலும் வரலாறு எழுதி வைப்பதில்லை. ஆனால் அவன் நட்டது நிற்கிறது. அவன் பிள்ளை நாட்டையே ஆண்டிருக்கிறான்.

மாணவச் செல்வங்களே, அடுத்த முறை சிக்குப் பழம் தின்னும்போது வரைபடத்தை எடுத்து அக்காபுல்கோ எங்கே என்று தேடிப் பாருங்கள். அப்படியே, உங்கள் தாத்தா எந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார் என்றும் வீட்டில் கேட்டு எழுதி வையுங்கள்.