அயலவர்க்கு அவர்தம் மொழியில்: மானிப்பாய் மருத்துவப் பணி பற்றிய ஒரு மதிப்பீடு

சமயப் பரப்புதலும் சமூகத் தொண்டும் ஒன்றோடொன்று பிணைந்து வளர்ந்த களங்களுள் பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணமும் ஒன்றாகும். அங்கு அமெரிக்க மிஷன் ஆற்றிய கல்விப்பணி பலராலும் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அதன் மருத்துவப் பணியோ பெரும்பாலும் வைத்தியர் கிறீன் என்னும் தனியொருவரின் புகழாகவே பேசப்பட்டு வந்துள்ளது. புகழுரைக்கு அப்பால் ஆராயவேண்டிய வினா ஒன்றுண்டு. நோயாளிக்கு அளித்த மருந்து மதமாற்றத்திற்கு இட்ட தூண்டிலா, அன்றி அயலவரின் துயர் துடைக்க எழுந்த தொண்டா? அப்பணி நடைபெற்ற முறையை நோக்கினாலன்றி இதற்கு விடை காணல் இயலாது.

1810 இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட மிஷன் சங்கத்தின் குருமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். பிரித்தானிய ஆட்சியாளர் அவர்களை முழுமையாக நம்பினாரல்லர். அவர்தம் பணி குடாநாட்டோடு அமைந்தது. 1820 முதல் 1833 வரை புதிய அமெரிக்க மிஷனரிமாரின் வருகைக்கும் தடை இருந்தது. சிறியதொரு நிலப்பரப்பில் நீண்டகாலம் ஒரே மக்களோடு வாழவேண்டிய இந்நிலைமையே அவர்களை மக்களின் மொழியோடும் வாழ்வோடும் நெருங்கச் செய்தது எனலாம்.

குருவாகவும் வைத்தியராகவும் விளங்கிய ஜோன் ஸ்கடர் 1820 முதல் பண்டத்தரிப்பில் நோயாளரைப் பராமரித்தார். 1836 இல் அவர் சென்னைக்குச் சென்றார். பிற்காலத்தில் வேலூர் மருத்துவ நிலையத்தைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் இவருடைய பேர்த்தியாவார். ஸ்கடரின் பணி பெரிதும் நோய் தீர்க்கும் பணியாகவே அமைந்தது. வைத்தியர் இருக்கும்வரை உதவி கிடைக்கும். அவர் பெயர்ந்தால் உதவியும் பெயர்ந்துவிடும். கொடுப்பவர் என்றும் கொடுப்பவராகவும் பெறுபவர் என்றும் பெறுபவராகவும் இருக்கும் தருமத்தின் குறைபாடு இதுவே.

இக்குறைபாட்டைக் களையும் வழியை வகுத்தவர் 1847 இல் வந்து சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். அடுத்த ஆண்டே மானிப்பாயைத் தமது நிலையமாக்கி, உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி 1870 இலேயே தோன்றியது என்பதை நோக்குமிடத்து இம்முயற்சியின் முதன்மை புலனாகும். 1850 இல் அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக்கின் ஆதரவில் யாழ்ப்பாண நகரில் எழுந்த வைத்தியசாலையும் கிறீனின் துணையைப் பெற்றது. ‘இடுக்கணில் நண்பர்’ என்னும் பொருள்படும் பெயர்கொண்ட சங்கமொன்று அதனை நடத்தியது. 1907 இல் அது அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று.

தொடக்கத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். 1855 இல் மிஷனின் தலைமைச் செயலாளர் றூபஸ் அண்டர்சனின் வருகையை அடுத்து வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றோர் ஊர்ப்பணியை விடுத்து உத்தியோகம் தேடிச் சென்றமை அம்முடிவிற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரை உருவாக்கிய அவ்வுயர்கல்வி நிலையத்தை இழந்தமை யாழ்ப்பாணத்திற்குப் பேரிழப்பே. எனினும், தாய்மொழிக் கல்வி என்னும் அதே கொள்கை மானிப்பாயில் வேறொரு விளைவைத் தந்தது. செமினரியில் அது உயர்கல்வியின் வாயிலை அடைத்தது. மானிப்பாயில் உயர்கல்வியையே தமிழுக்குள் கொணர்ந்தது. 1860களில் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்தார். தமிழிற் கற்ற வைத்தியர் கிராமத்து மக்களோடு தங்குவர் என்பது அவரது கணிப்பாகும்.

நூலின்றிப் போதனை நிலைபெறாது. உடற்கூறு பற்றிய நூலொன்று 1852 இலேயே தமிழில் வெளிவந்திருந்தது. ‘இரண வைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ ஆகியவை 1872 இலும், ‘கெமிஸ்தம்’ 1875 இலும் தொடர்ந்தன. மாணாக்கர் சிலரும் மொழிபெயர்ப்பிற் பங்குகொண்டனர். கலைச்சொல் வேண்டியவிடத்து முதலில் தமிழிலும், பின்னர் வடமொழியிலும் தேடி, அங்கும் கிடையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அமைத்தனர். கிறீனிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டோராவர்.

இனி, முன்னர் எழுப்பிய வினாவிற்கு வருவோம். கிறீன் தம் சமய நோக்கத்தை மறைத்தாரல்லர். தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளராகவே தம்மை அவர் கருதினார். ஆயின், தமிழர் மேனாட்டு நடையுடை பாவனைகளைக் கைக்கொள்வதை அவர் விரும்பவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஒப்பீட்டிற்கு ஆறுமுக நாவலரின் பணியை நோக்குதல் தகும். இருவரும் 1822 இற் பிறந்தவர்கள். மானிப்பாயில் மருத்துவ வகுப்புத் தொடங்கிய 1848 ஆம் ஆண்டிலேயே வண்ணார்பண்ணையில் நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷனரிமாரின் சமயப் பரப்புதலை எதிர்த்து நின்ற அவர், 1876–77 ஆம் ஆண்டுப் பஞ்சத்திற் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தார். சமயத்தால் எதிரெதிர் நின்ற இருவரையும் அயலவரின் இடுக்கண் ஒரே கடமைக்கு அழைத்தது.

1873 இல் கிறீன் தாயகம் திரும்பினார்; 1884 இல் மறைந்தார். அவர் சென்ற சில ஆண்டுகளுள் தமிழ் மருத்துவ வகுப்பும் நின்றுபோயிற்று. மிஷனின் மருத்துவத் தொண்டு அதனோடு முடிந்துவிடவில்லை; 1898 இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை தோன்றியது. வைத்தியசாலைகள் நிலைத்தன; தமிழில் வைத்தியம் கற்பித்தலே நிலைக்கவில்லை. கொழும்பிலிருந்து ஆங்கிலவழிக் கல்வியும் அதனைச் சார்ந்த அரசாங்க உத்தியோகமும் வலுப்பெற்ற சூழலில், தமிழ்வழி வைத்தியனுக்கு உரிய இடத்தை அரசும் அளிக்கவில்லை. தமிழ்ச் சமூகமும் வேண்டி நிற்கவில்லை. இத்தோல்வியை மிஷனின் தோல்வியாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

ஆகவே, தூண்டிலா தொண்டா என்னும் வினாவிற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறுதல் வரலாற்றுக்கு ஏற்புடையதன்று. நோக்கத்திற் சமயம் இருந்தது. ஆனால் தூண்டிலிடுபவன் தன் கலையைப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பதில்லை. உதவி பெற்றோரையே உதவி செய்வோராக்கி, அதற்கான அறிவை அவர்தம் மொழியிலேயே கையளித்தமைதான் மானிப்பாய்ப் பணியைத் தருமம் என்னும் நிலையினின்றும் தொண்டு என்னும் நிலைக்கு உயர்த்தியது. பொதுப்பணத்திற் பயின்று பட்டம் பெறும் நாம், நாம் கற்பது நம் அயலவரை எந்த மொழியில், எந்த வழியாகச் சென்றடையப் போகின்றது என்பதைச் சிந்தித்தல் கடனாகும். மானிப்பாயில் அறுந்த இழையை மீண்டும் பற்றவேண்டிய பொறுப்பு, பல்கலைக்கழகத் தமிழ் மாணவரையே சாரும்.