காட்டுப்பள்ளி கடலை அளந்த டேட்டா எல்லாம் எங்கே? கடல் தரவுகளுக்குப் பொதுவான 'மெட்டாடேட்டா' பட்டியல் ஏன் தேவை?

திருவள்ளூர் மாவட்டம் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு வடக்கே, பழவேற்காடு வரைக்குமான கடற்கரை எத்தனை மீட்டர் அரிக்கப்பட்டிருக்கிறது? மீனவர்களைக் கேட்டால், முன்பு வலை காயப்போட்ட இடத்தில் இப்போது அலை அடிப்பதாகச் சொல்வார்கள். திட்டத்தை முன்வைக்கும் தரப்பைக் கேட்டால் ஓர் ஆய்வறிக்கையைக் காட்டுவார்கள். அரசு நிறுவனத்தின் செயற்கைக்கோள் வரைபடம் இன்னொரு எண்ணைச் சொல்லும்.

யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவுக்கு வந்துவிட வேண்டாம். மூன்றுமே அதனதன் அளவில் சரியாக இருக்கலாம். எந்த வருஷம், எந்த மாசம் அளந்தது, 'கரை' என்று எந்தக் கோட்டை எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். அந்த விவரம் எழுதப்படாமல் போனால், எண் மட்டும் கையில் இருந்து பிரயோஜனம் இல்லை. கடல் தரவு மையங்கள் பல வருஷமாகப் பேசிவரும் 'மெட்டாடேட்டா' விவகாரம் இதுதான்.

மெட்டாடேட்டா என்றால் என்ன?

தரவைப் பற்றிய தரவு. மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரை அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைதான் டேட்டா. அட்டையில் இருக்கும் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், தயாரித்த தேதி, காலாவதி தேதி, கம்பெனி பெயர் எல்லாம் மெட்டாடேட்டா. அட்டையிலிருந்து பிரித்து உதிரியாகக் கொடுத்த வெள்ளை மாத்திரையை யார் நம்பி விழுங்குவார்கள்?

கடலில் ஓர் உதாரணம். காட்டுப்பள்ளிக்கு அருகே எடுத்த தண்ணீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் 3.2 என்று ஒரு அட்டவணையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் என்றால், குளிக்கத் தகுந்த கடல்நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் 4 மில்லிகிராம் என்ற அளவைவிடக் குறைவு, அதாவது பிரச்சனை. ஆனால் கடலியல் ஆய்வாளர்கள் ஆக்ஸிஜனை லிட்டருக்கு இத்தனை மில்லிலிட்டர் என்றும் எழுதுவார்கள். ஒரு மில்லிலிட்டர் சுமார் 1.43 மில்லிகிராம். அந்தக் கணக்கில் 3.2 என்பது 4.6 மில்லிகிராம், பிரச்சனை இல்லை. அலகு எழுதாத ஒரே ஒரு கட்டத்தால் தீர்ப்பே தலைகீழாகிவிடும்.

கடற்கரைக் கோடு இன்னும் சிக்கல். இந்திய சர்வே துறையின் பழைய வரைபடங்கள் 'எவரெஸ்ட்' என்ற 19ஆம் நூற்றாண்டுப் புவி அளவீட்டு முறைப்படி வரையப்பட்டவை. இன்றைய ஜிபிஎஸ் வேறு முறையைப் பயன்படுத்துகிறது. இரண்டையும் மாற்றாமல் அப்படியே ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், சென்னைப் பக்கத்தில் நூறு மீட்டருக்கும் மேல் இடம் தள்ளிப்போகும். ஒரு பிடி மண்கூட நகராமலேயே கடற்கரை நூறு மீட்டர் நகர்ந்த மாதிரி தெரியும்! வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு எடுத்த படத்தையும் கோடையில் எடுத்த படத்தையும் ஒப்பிட்டாலும் இதே கதைதான். மழைக்காலத்து அலை மணலை இழுத்துக்கொண்டு போகும், கோடையில் அதில் ஒரு பகுதி திரும்பிவரும்.

காட்டுப்பள்ளியில் இது ஏன் பெரிய விஷயம்?

இந்தச் சின்னக் கடற்கரையில் இத்தனை பேர் அளக்கிறார்கள் என்பதால்தான். எண்ணூர் துறைமுகம், அதாவது இன்றைய காமராஜர் துறைமுகம், 2001இல் செயல்பாட்டுக்கு வந்தது. பக்கத்திலேயே காட்டுப்பள்ளியில் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் திறக்கப்பட்டது. எல் அண்ட் டி கட்டிய காட்டுப்பள்ளி துறைமுகம் 2013இல் சரக்குப் பெட்டகங்களைக் கையாள ஆரம்பித்தது. 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம்.

துறைமுகங்கள் சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனைப்படி அளக்கின்றன. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் கரை மாற்றத்தையும் கடல்நீரின் தரத்தையும் கண்காணிக்கிறது. அதே வளாகத்தில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலில் மிதவைகளை நிறுத்தி வைத்திருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்கோயிஸ், அதாவது இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், அலை, நீரோட்டம், சுனாமி எச்சரிக்கை, மீன் கிடைக்கும் இடம் என்று தினமும் தகவல் வெளியிடுகிறது. கடற்படையின் நீர்ப்பரப்பு அளவைத் துறை ஆழத்தை அளக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மீன் வரத்தைக் கணக்கெடுக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அண்ணா பல்கலைக்கழகம்... பட்டியல் நீளும்.

ஆக, டேட்டாவுக்குப் பஞ்சம் இல்லை. யாரிடம் எது இருக்கிறது என்பதற்குத்தான் பஞ்சம்.

2017 ஜனவரி 28ஆம் தேதி அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'டான் காஞ்சிபுரம்', 'பிடபிள்யூ மேப்பிள்' என்ற இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் வாளியால் எண்ணெயை அள்ளிய காட்சி நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். அடுத்து 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்குள் புகுந்தது. இரண்டு தடவையும் நஷ்ட ஈடு பேசும்போது முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதற்கு முன்னாடி இந்தத் தண்ணீர், இந்தச் சேறு எப்படி இருந்தது? 'முன்னாடி' எடுத்த அளவீடு ஏதோ ஓர் அலுவலகத்தின் கணினியில் இருக்கக்கூடும். அது இருப்பதே தெரியாவிட்டால், இல்லாததற்குச் சமம்.

விரிவாக்கத் திட்டமும் அப்படித்தான். சுமார் 330 ஏக்கர் துறைமுகத்தை 6,100 ஏக்கருக்கும் மேல் விரிவாக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. கடல் அரிப்பு அதிகமாகும் என்பது மீனவர்களின் அச்சம். நிறுவனத் தரப்பு அதை மறுக்கிறது. விதிப்படி இப்படியான கூட்டத்துக்கு முன் மக்களுக்குக் கிடைக்கும் அவகாசம் குறைந்தபட்சம் 30 நாள். கத்தை கத்தையான அறிக்கையைப் படித்து, அதில் உள்ள கடல் கணக்குகளை வேறு அளவீடுகளோடு ஒப்பிட வேண்டும். அந்த வேறு அளவீடு எங்கே இருக்கிறது என்று தேடவே அந்த முப்பது நாள் போய்விடும்.

சென்னைக் கடலோரத்தில் மணல் வருஷக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகச் சுவருக்குத் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் அரித்ததும் இதனால்தான். காட்டுப்பள்ளியில் அடுத்தடுத்து இரண்டு துறைமுகங்கள் இருப்பதால் எதனால் எவ்வளவு என்று பிரிக்க, 2001க்கு முன், 2013க்கு முன் எடுத்த அளவீடுகள் வேண்டும். தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை நாட்டின் கடற்கரையை ஆய்வு செய்து, சுமார் 34 சதவீதம் அரிப்புக்கு ஆளாகியிருப்பதாகச் சொன்னது. நல்ல வேலை. ஆனால் ஒரு குப்பத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்க, அந்தந்த வருஷத்துப் படத்தின் தேதியும் அலை ஏற்றமும் தெரிந்தாக வேண்டும்.

பொதுப் பட்டியல் எப்படி வேலை செய்யும்?

நூலக அட்டவணை மாதிரி. புத்தகம் அந்தந்த நூலகத்திலேயே இருக்கும். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்ற அட்டை மட்டும் பொதுவில் இருக்கும். தரவு மையங்களும் டேட்டாவைத் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை, அட்டையைக் கொடுத்தால் போதும். இந்த வித்தியாசம் புரியாமல்தான் 'எங்க டேட்டாவைக் கேட்கிறாங்க' என்று நிறுவனங்கள் பயப்படுகின்றன.

அட்டையில் என்ன இருக்கும்? எதை அளந்தார்கள், எந்த இடம் (காட்டுப்பள்ளி துறைமுகம் என்றால் வடக்கு 13 பாகை 18 கலை, கிழக்கு 80 பாகை 21 கலை அருகே), எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தக் கருவி, என்ன அலகு, ஆழம் என்றால் எந்த மட்டத்திலிருந்து, நேரம் இந்திய நேரமா உலகப் பொது நேரமா, சரிபார்த்தாயிற்றா, யாரைக் கேட்க வேண்டும், எல்லோருக்கும் தருவார்களா. இதற்கென்றே ஐஎஸ்ஓ 19115 என்ற சர்வதேசத் தரம் 2003இல் வந்தது. அதை முழுசாக நிரப்பச் சொன்னால் யாரும் நிரப்ப மாட்டார்கள் என்பதும் உண்மை. பத்துப் பன்னிரண்டு கட்டாயக் கட்டங்களோடு ஆரம்பிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

கட்டத்தை நிரப்புவதைவிடக் கஷ்டமானது ஒரே வார்த்தையைப் பயன்படுத்துவது. ஒருவர் 'கடல் மேற்பரப்பு வெப்பநிலை' என்று எழுதுவார், இன்னொருவர் 'நீர் வெப்பம்' என்பார், மூன்றாமவர் வெறும் 'டெம்ப்' என்று போட்டுவிடுவார். தேடும் கணினிக்கு மூன்றும் வேறு வேறு. ஐரோப்பாவில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் நூற்றுக்கும் மேற்பட்ட மையங்களை இணைத்திருக்கும் 'சீடேட்டாநெட்' அமைப்பு, இதற்காகவே பொதுச் சொற்பட்டியல் வைத்திருக்கிறது. எந்த மையமாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் இருக்கும் குறியீட்டைத்தான் போட வேண்டும். நம் கடற்கரைக்கு அப்படி ஒன்று செய்தால் 'பாகம்' என்ற சொல்லுக்கும் அதில் இடம் வேண்டும். மீனவர்கள் ஆழத்தைச் சொல்வது மீட்டரில் இல்லை, பாகத்தில். ஒரு பாகம் கிட்டத்தட்ட ஆறடி.

இந்தியாவுக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் 1961லேயே தரவுப் பரிமாற்றத்துக்கு ஒரு திட்டத்தைத் தொடங்கி, நாடுகள் தங்களுக்கென தேசியத் தரவு மையம் வைத்துக்கொள்ளச் சொன்னது. இந்தியாவில் அந்த மையம் முதலில் கோவாவின் தேசிய கடலியல் நிறுவனத்தில் இயங்கியது. இப்போது அந்தப் பொறுப்பு இன்கோயிஸிடம். 2012இல் மத்திய அரசின் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது. எல்லோருக்கும் திறந்தவை, பதிவு செய்தால் கிடைப்பவை, கட்டுப்படுத்தப்பட்டவை என்று தரவை மூன்றாகப் பிரித்தது. 2020 டிசம்பரில் இன்கோயிஸ் 'டிஜிட்டல் ஓஷன்' என்ற தளத்தைத் திறந்தது.

ஆழ்கடலில் இது நன்றாகவே நடக்கிறது. 'ஆர்கோ' என்ற திட்டத்தில் உலகக் கடல்களில் கிட்டத்தட்ட 4,000 தானியங்கி மிதவைகள் மிதக்கின்றன. இந்தியப் பெருங்கடலுக்கான வட்டாரத் தரவு மையம் இன்கோயிஸ்தான். ஒவ்வொரு மிதவைக்கும் ஜாதகம் மாதிரி தனி மெட்டாடேட்டா கோப்பு உண்டு. எந்த சென்சார், என்ன வரிசை எண் என்பது வரைக்கும். அதன் பலன் 2007இல் தெரிந்தது. அதற்கு முந்தைய வருஷம், கடல் திடீரெனக் குளிர்வதாக ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. தோண்டிப் பார்த்தால், ஒரு வகை மிதவைகளில் வெப்பநிலை அளவீடு தவறான ஆழத்தோடு சேர்ந்து பதிவாகியிருந்தது தெரிந்தது. பழைய கருவிகளில் இருந்த வேறொரு பிழையும் சேர்ந்துகொண்டிருந்தது. எந்த மிதவை எந்த வகை என்று எழுதி வைத்திருந்ததால் தப்பான தொகுதியை மட்டும் தனியே எடுக்க முடிந்தது.

நடுக்கடல் மிதவைக்கு இருக்கும் ஜாதகம், நம் கரையோர அளவீடுகளுக்கு ஏன் இல்லை? ஆர்கோவுக்குப் பொதுவான விதியும் அதைச் செய்ய ஆளும் உண்டு. கரையோரத்தில் ஆளுக்கொரு அலுவலகம், ஆளுக்கொரு நோக்கம். பட்டியலைத் தொடங்கி வைப்பது சுலபம். திட்டப் பணம் இருக்கும்வரை பதிவேற்றுவார்கள், விழாவும் நடக்கும். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் தொடர்பு எண்ணில் யாரும் எடுக்க மாட்டார்கள், இணைப்பைத் தட்டினால் பக்கம் திறக்காது. நல்ல அட்டை எழுதியதற்காக எந்த விஞ்ஞானிக்கும் பதவி உயர்வு கிடைத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதுதான் பிரச்சனை. ஆளை நம்பாமல் அந்தந்த மையத்தின் தளத்திலிருந்து கணினியே அட்டைகளைத் திரட்டிக்கொள்ளும் முறைக்கு யுனெஸ்கோ ஆணையம் இப்போது நகர்ந்திருப்பதற்கு இதுவே காரணம்.

பாதுகாப்பு பற்றிய கேள்வியும் வரும். கடற்படையின் ஆழ அளவீடு எல்லாவற்றையும் வெளியே வைக்க முடியாது, நியாயம்தான். ஆனால் கூட்ட நெரிசலான ஒரு துறைமுக வாசலின் தண்ணீர்த் தரம், மணல் அளவு, கரைக்கோடு இதிலெல்லாம் என்ன ரகசியம்?

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டங்கள் ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆண்டுக்கு இரண்டு முறை நிபந்தனைகளைப் பின்பற்றியதற்கான அறிக்கை தர வேண்டும். கடல் அளவீடுகள் அதில் பெரும்பாலும் பிடிஎஃப் பக்கங்களுக்குள் புதைந்து கிடக்கும். அந்த அறிக்கையோடு ஒரு பக்க மெட்டாடேட்டா படிவத்தையும் கட்டாயமாக்கினால், காட்டுப்பள்ளி, எண்ணூர் இரண்டு துறைமுகங்களின் அளவீடுகளும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தானாகப் பட்டியலில் ஏறும்.

இன்னொன்று, 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் 4ஆவது பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களைப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் மத்திய அரசு நிறுவனங்களிடம் இதைக் கேட்கலாம். ஆனால் 'கடல் அரிப்பு பற்றிய தகவல் தாருங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு வடக்கே பழவேற்காடு முகத்துவாரம் வரை, இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை உங்களிடம் உள்ள கரைக்கோடு அளவீடுகளின் பட்டியல், ஒவ்வொன்றும் எடுக்கப்பட்ட தேதி, கருவி, அளவீட்டு முறை' என்று கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம்.