பழைய நிழற்படங்களும் வரலாற்றுச் சான்றும்

கல்வெட்டும் செப்பேடும் போலப் பழைய நிழற்படங்களும் இன்று வரலாற்றுச் சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன. கண்டதைக் கண்டவாறே அவை காட்டும் என்னும் கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வழங்கிய வெள்ளி அயோடைடுப் பூச்சு, நீலம், ஊதா ஆகிய ஒளிகளையே பெரிதும் ஏற்றது, செவ்வொளியை ஏற்கவில்லை. ஆகலின் செங்காவி கருமையாகவும் நீலவானம் வெறும் வெண்மையாகவும் படத்தில் அமைந்தன. கட்டடத்திற்கு வேண்டிய அளவு ஒளி கொடுப்பின் வானத்திற்கு அது மிகையாயிற்று. வானத்திற்கேற்பக் குறைப்பின் கட்டடம் இருளில் மறைந்தது.

இவ்விடர் நீங்கப் பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, 1850-களில் கடற்காட்சிகள் சிலவற்றில் வானுக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரு நெகட்டிவ்களை இணைத்தார். லின்னேயஸ் டிரைப், 1855-இல் பர்மாவில் எடுத்த தாள் நெகட்டிவ்களில் முகில்களைத் தூரிகையால் தீட்டினார். அம்முகில்களைக் கொண்டு அந்நாளின் வானிலையைத் துணிதல் பொருந்தாது.

அவரே 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமான அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக்கி ஒரு தொடராக இணைத்தார். கல்லில் வெட்டிய எழுத்து நிழலால் விளங்குவதன்றி நிறத்தால் விளங்குவதன்று. ஆதலின் முற்கூறிய நிறக்குறை அதன் வடிவைத் திரிப்பதில்லை. ஒளி நேரே விழுந்தவிடத்து எழுத்து மங்குதல் மட்டும் கூடும்.

1873-இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகெல், சாயம் சேர்ந்த தகடு பச்சையொளியையும் ஏற்றலைக் கண்டறிந்தார். செவ்வொளியையும் ஏற்கும் தகடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்தன. எனவே அதற்கு முற்பட்ட படங்களில் வடிவைச் சான்றாகக் கொள்ளலாம். கருமை வெண்மை கொண்டு நிறத்தைத் துணிதல் ஆகாது என்பதே நம் முடிபு.