மலைவீதியும் சிற்றெடைக் காரும்

மோட்டார் வண்டியின் தகுதியைச் சோதிக்க மலைவீதியினும் சிறந்த களம் வேறில்லை. ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையிலிருந்து அப்புத்தளைக்குச் செல்லும் வண்டி 1,400 மீற்றருக்கு மேல் ஏறவேண்டும். ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் ஆழ்ந்த பள்ளம். இடையே வளைந்து செல்வது ஒடுங்கிய வீதி. பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924ஆம் ஆண்டிலாகும். அதற்கு முன்னும் பின்னும் ஊவாவின் தேயிலைத் தோட்டங்களை ஊர்களோடு இணைத்தவை இவ்வீதிகளே. தென்னிந்தியாவினின்று வந்த தமிழ்த் தொழிலாளரின் வியர்வை இவற்றிற் கலந்துள்ளது. எனினும் வண்டியில் அமர்ந்து சென்றோர் துரைமார். வீதியோரமாக நடந்து சென்றோர் தொழிலாளர். காரின் வரலாற்றை ஆராய்வோர் இவ்விரு சாராரையும் ஒருங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

மலைநாட்டிற்கு எடை குறைந்த வண்டியே ஏற்றது என்பது வெளிப்படை. ஏற்றத்திற் சுமை குறைவு. இறக்கத்திலோ, பாதி எடையுள்ள வண்டியின் பிறேக்குகள் பாதியளவு வெப்பத்தையே தாங்கினாற் போதும். 1922 இல் இங்கிலாந்தில் ஹேர்பேட் ஒஸ்டின் வெளியிட்ட ஒஸ்டின் செவன் இவ்வகை வண்டிகளுக்கு முன்னோடி எனலாம். அதன் தொடக்கக் கால எடை ஏறத்தாழ 360 கிலோகிராம். நான்கு சக்கரங்களிலும் பிறேக் அமைந்திருந்தமை அக்காலச் சிறு வண்டிகளில் அரிய சிறப்பாகும். இலங்கையில் 1934 முதல் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையிலே மலையேற்றப் பந்தயம் நிகழலாயிற்று. சிறிய எஞ்சினும் குறைந்த எடையும் உடைய வண்டி பெரிய வண்டியோடு போட்டியிடத்தக்கது என்பதை இத்தகைய மலையேற்றங்களே மக்களுக்கு உணர்த்தின.

கொலின் சாப்மன் என்னும் ஆங்கிலேய இளைஞர் 1948 இல் தமது முதற் காரை அமைத்தபோது, அதற்கு அடிப்படையாகக் கொண்டதும் ஒரு பழைய ஒஸ்டின் செவனே. அவர் நிறுவிய லோட்டஸ் நிறுவனம் 1957 இல் லோட்டஸ் செவன் என்னும் காரை வெளியிட்டது. குழாய்ச் சட்டமும் மெல்லிய அலுமினியத் தகடுமே அதன் உடல். பகுதிகளை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வோரும் பலர் இருந்தனர். விரைவுக்குக் குறைவில்லை, ஆனால் மோதலில் ஓட்டுநரைக் காப்பதற்கு அதன் உடலமைப்பில் ஏற்பாடு மிகச் சிறிதே.

காப்பு என்னும் கருத்து வேறொரு வழியாக வளர்ந்தது. மோதும்போது வண்டியின் முன்பகுதி நசுங்கி விசையை ஏற்க, நடுவறை உருக்குலையாது நிற்க வேண்டும் என்பதை மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் பொறியியலாளர் பேலா பரெனி 1950களின் தொடக்கத்தில் உரிமைப் பதிவு செய்தார். 1959 இல் வொல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் மூன்று முனை ஆசனப்பட்டியை அமைத்தார். அமெரிக்கா 1966 இல் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது.

இதன் அடிப்படையை ஒரு சிறு கணக்கு விளக்கும். மணிக்கு 50 கிலோமீற்றர் விரைவிற் சென்று சுவரில் மோதும் வண்டி 10 சென்ரிமீற்றர் மட்டும் நசுங்கி நின்றால், அது புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு தாக்கத்திற்கு உள்ளாகும். 50 சென்ரிமீற்றர் நசுங்கினால் இருபது மடங்கே. ஆதலின் சுவரில் மோதும்போது உயிரைக் காப்பது எடையன்று, நசுங்குவதற்குரிய இடமேயாம். ஆனால் 700 கிலோகிராம் கார் 1,400 கிலோகிராம் காரோடு நேருக்கு நேர் மோதின், சிறியதன் விரைவுமாற்றம் பெரியதினும் இருமடங்காகும். சிற்றெடைக் காரின் இடர் இங்கேதான் உள்ளது.

இவ்விடரைத் தணிக்கும் வழியை 1996 இல் வெளிவந்த லோட்டஸ் எலிஸ் ஒருவாறு காட்டியது. அலுமினியத் துண்டங்களைப் பசையால் ஒட்டிச் செய்யப்பட்ட அதன் அடிச்சட்டம் ஏறத்தாழ 68 கிலோகிராமே. முன்னே மோதலை ஏற்கும் கண்ணாடியிழைக் கட்டமைப்பு இருந்தது. ஆயினும் விதிகள் சிறு நிறுவனங்களுக்குப் பெருஞ்சுமையாயின. அமெரிக்காவில் அக்கார் புதுவகைக் காற்றுப்பை விதியினின்று தற்காலிக விலக்குப் பெற்றே விற்கப்பட்டது. விலக்கு முடிந்ததும் 2011 இல் அவ்விற்பனை நின்றது. 1989 இல் வந்த மஸ்டா எம்.எக்ஸ்.-5 என்னும் காரோ, காற்றுப்பைகளையும் வலுவான உடலையும் பெற்று 2015 இல் புதுவடிவம் கொண்டபோதும் ஏறத்தாழ ஒரு தொன் எடையளவிலேயே நின்றது. உயர்வலு உருக்கும் அலுமினியமும் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவே இடப்பட்டமை இதற்குக் காரணம்.

இதுவரை கூறியது வண்டிக்குள் இருப்போரின் காப்பு. வெளியே நிற்போர் நிலை யாது? 1955 ஜூன் 11 அன்று பிரான்சின் லெ மான் பந்தயத்தில், மக்னீசியக் கலப்புலோக உடலுடைய ஒரு மேர்சிடிஸ் கார் கூட்டத்தினுட் பாய்ந்து எரிந்தது. பார்வையாளர் எண்பதின்மருக்கு மேல் மாண்டனர். அதன் பின்னரும் நடந்து செல்வோரைக் காக்கும் விதிகள் மெல்லவே வந்தன. 2003 இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கெனக் கட்டளை பிறப்பித்தது. தாழ்ந்த முகமுடைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இது கடினமான விதி. எஞ்சினுக்கும் மேல்மூடிக்கும் இடையே தலையின் மோதலை ஏற்க இடமில்லை. எனவே, மோதிய கணத்தில் மூடி தானே சற்று உயரும் பொறி அமைக்கப்பட்டது. மேற்சொன்ன 2015ஆம் ஆண்டு மஸ்டாவிலும் இஃது உண்டு.

ஊவாவும் இப்பாடத்தைப் பெருந்துயரோடு கற்றது. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயம் ஐந்து ஆண்டு இடைவெளியின் பின் 2024 ஏப்ரல் 21 அன்று நடைபெற்றபோது, பாதையை விட்டு விலகிய கார் ஒன்று ஓரத்தில் நின்றோர்மீது பாய்ந்தது. எழுவர் உயிரிழந்தனர், அவருள் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. இறந்தோருள் வண்டியோட்டி எவரும் இலர். பந்தய விதிகள் வேண்டும் கூண்டும் பட்டியும் தலைக்கவசமும் உள்ளிருப்போரைக் காப்பன. வேலியும் மண்ணணையும் போதிய தூரமுமே வெளியில் நிற்போரைக் காக்கும்.

ஆகவே சிற்றெடைக் காரின் வரலாற்றை மூன்று படிகளாக வகுக்கலாம். முதலில் விரைவு நாடப்பட்டது. அடுத்து உள்ளிருப்போர் உயிர். இறுதியிலேதான் வெளியிலிருப்போர் உயிர். பொறியியலாளன் ஒவ்வொரு கிராமையும் எண்ணி எடையைக் குறைக்கலாம். வீதியோரம் நிற்கும் மனிதனை மட்டும் கணக்கினின்று நீக்கலாகாது. பாடசாலைப் பிள்ளைகளும் கொழுந்துக் கூடை சுமந்த பெண்களும் இன்றும் நடந்து செல்லும் பதுளை வீதிகள் உணர்த்தும் உண்மை இதுவே.