துளிக்கு எடை, துளிக்கு நிறம்

திரவத்தை உறிஞ்சி அளந்து விடும் கண்ணாடிக் குழாய்க்கு பிப்பெட் என்ற பெயரை 1824இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக். அதற்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் ஆய்வகங்களில் அதை வாயால்தான் உறிஞ்சினார்கள். ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹைன்ரிக் ஷ்னிட்கர் 1957இல் இதற்கு மாற்றுக் கண்டார்: கட்டைவிரலால் அழுத்தினால் இறங்கி, விட்டால் வில்லின் விசையில் மேலேறும் பிஸ்டன். நுனியில் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் டிப்.

வாய் தப்பியது, வேறொரு தொல்லை வந்தது. கண்ணாடிக் குழாயின் கோட்டை ஒருமுறை சரிபார்த்துவிட்டால் நெடுநாள் கவலையில்லை. பிஸ்டன் பிப்பெட் அப்படியல்ல. உள்ளே வளையம் தேயும், டிப் சரியாகப் பொருந்தாது, கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரியும். வெளியே எதுவும் தெரியாது. எனவே காலமுறைப்படி சோதிப்பது கட்டாயமானது.

சோதிக்கும் வழி தராசுதான். தூய நீரைப் பத்து முறை விட்டு, ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பார்கள். சராசரி குறித்த அளவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது ஒரு பிழை. பத்து அளவுகளும் தமக்குள் எவ்வளவு சிதறுகின்றன என்பது இன்னொன்று. 20 பாகை செல்சியசில் ஒரு மில்லிலிட்டர் நீர் தராசில் ஒரு கிராம் காட்டாது. 997 மில்லிகிராம்தான் காட்டும். நீரின் அடர்த்தி ஒன்றுக்குச் சற்றே குறைவு, காற்றும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் எடையை 1.0029 ஆல் பெருக்கிக் கன அளவைக் காண்பார்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு இறங்கினால் பாடு அதிகம். அதன் எடை சுமார் ஒரு மில்லிகிராம். கண் முன்னே கடைசி இலக்கங்கள் குறைந்துகொண்டே போகும். நீர் ஆவியாகிறது. தராசுத் தட்டைச் சுற்றி ஈரக்காற்றை அடைத்து வைத்தே இதைச் சமாளிக்க வேண்டியிருந்தது.

1950களின் தொடக்கத்தில் ஹங்கேரியின் கியூலா தகாட்சி சோதனைக் குழாய்களுக்குப் பதிலாகச் சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டைப் பயன்படுத்தினார். அதுவே பின்னாளில் 96 குழித் தட்டாக உலகெங்கும் பரவியது. எந்திரக் கைகள் அத்தனை குழிகளிலும் ஒரே நேரத்தில் ஊற்றத் தொடங்கியதும் தராசு திணறியது. தட்டை எடைபோட்டால் மொத்தம்தான் தெரியும். ஒரு முனை 2 மைக்ரோலிட்டர் கூடுதலாகவும் பக்கத்து முனை அதே அளவு குறைவாகவும் விட்டிருந்தால், தராசு எல்லாம் சரி என்றே சொல்லும்.

அங்கேதான் நிறம் கைகொடுத்தது. சாய நீரை ஊற்றி, ஒவ்வொரு குழியும் எவ்வளவு ஒளியை உட்கொள்கிறது என்று அளந்தால் குழிவாரியாகக் கணக்கு கிடைக்கும். ஆனால் குழியில் நீர் நிற்கும் ஆழம் கூடினாலும் நிறம் அடர்ந்து தெரியும். ஆகவே இரு சாயங்கள்: சிவப்பு விட்ட அளவைச் சொல்லும், எங்கும் ஒரே செறிவில் இருக்கும் நீலம் ஆழத்தைச் சொல்லும். ஒன்றை 520 நானோமீட்டர் ஒளியிலும் மற்றதை 730இலும் அளந்து, விகிதம் காண்பார்கள்.

விதிமுறைகள் மெதுவாகவே வந்தன. பிஸ்டன் பிப்பெட்டுகளுக்கான ஐஎஸ்ஓ 8655 தரநிலை 2002இல் வெளியானது. 100 மைக்ரோலிட்டர் பிப்பெட்டின் சராசரி 0.8 மைக்ரோலிட்டருக்கு மேல் விலகக் கூடாது என்பது அதன் கறார். தானியங்கி எந்திரங்களுக்கெனத் தனியான ஐஎஸ்ஓ 23783 வருவதற்கு 2022 ஆயிற்று. இந்த எந்திரங்கள் ஆய்வகங்களில் எப்போதோ குடியேறிவிட்டதைப் பார்த்தால் இது தாமதம்தான். இதற்குள் எந்திரத்தைக் கையாள்பவர்கள் ஒன்றைக் கற்றிருந்தார்கள்: நீரில் சரியாக விடும் முனை, குழகுழப்பான சீரத்தில் அதே அளவு விடுவதில்லை. அதனால் ஒவ்வொரு திரவ வகைக்கும் உறிஞ்சும் வேகத்தையும் விடும் வேகத்தையும் தனித்தனியே அமைத்து, தனித்தனியே சோதிக்கிறார்கள்.