‘டபுள்’ இங்கே மட்டும் ஏன் மாறவில்லை?

சீட்டாட்டம் என்றதும் நம்மில் பலருக்கு வீட்டுப் பெரியவர்கள் ஆடும் 304 நினைவுக்கு வரும். இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். முதலில் கேள்வி, பிறகு துரும்பு, பிறகு ஆட்டம். பிரிட்ஜும் இந்தக் குடும்பத்து ஆட்டம்தான். 52 சீட்டு, ஆளுக்கு 13.

ஆனால் பிரிட்ஜில் கேள்வி என்பது ஒரு தனி மொழி. ‘2 ஹார்ட்ஸ்’ என்றால், ஹார்ட்ஸைத் துரும்பாக வைத்து ஆறுக்கு மேல் இரண்டு, அதாவது எட்டுப் பிடி எடுப்போம் என்று அர்த்தம். இப்படி 35 கேள்விகள் உண்டு. அவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள். மொத்தம் 38 சொற்கள். இதை வைத்துக்கொண்டு உங்கள் 13 சீட்டையும் கூட்டாளிக்கு விளக்க வேண்டும். அதனால் ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு அர்த்தம் தரும். இரண்டு மொழியில் வளர்ந்த நமக்கு அது புதிதல்ல!

நான் பிரிட்ஜ் படிக்கத் தொடங்கியபோது என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் இது: கூட்டாளி பலவீனமான கையோடு ‘2 ஹார்ட்ஸ்’ என்று தொடங்குகிறார். உங்களுக்கு முன்னால் இருக்கும் எதிராளி ‘2 ஸ்பேட்ஸ்’ என்று குறுக்கே வருகிறார். இப்போது உங்கள் முறை. நீங்கள் ‘டபுள்’ சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? விதியைப் பாடமாக்குவதைவிட, அது எப்படி வந்தது என்று படித்தபோதுதான் எனக்குத் தெளிந்தது.

1925 இலையுதிர் காலத்தில், ஹரோல்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானாவுக்குக் கப்பலில் போனார். அந்தப் பயணத்தில் நண்பர்களோடு புதிய புள்ளி முறை ஒன்றை ஆடிப் பார்த்தார். அதுவரை இருந்த ஆட்டத்தில் குறைவாகக் கேட்டுவிட்டு நிறையப் பிடி எடுத்தாலும் ‘கேம்’ கிடைத்துவிடும். வாண்டர்பில்ட்டின் முறையில், கேட்டால்தான் கிடைக்கும். அன்றிலிருந்து கேள்விதான் ஆட்டத்தின் பாதி.

1930களில் ஈலை கல்பர்ட்சன் என்பவரின் முறை அமெரிக்காவில் மிகவும் பிரபலம். அதில் ‘2’ என்று தொடங்கினால் கையில் பெரும் பலம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட கை எப்போதாவதுதான் வரும். ஒரு நல்ல சொல் சும்மா கிடந்தது! பலவீனமான கைக்கு அதைப் பயன்படுத்தும் எண்ணம் முன்பே இருந்தது. அதை இன்று நாம் ஆடும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஹவார்ட் ஷென்கன். ஒரே இனத்தில் ஆறு சீட்டு, சுமார் 6 முதல் 10 புள்ளி. ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணினால் முழுக்கட்டில் இருப்பது 40 புள்ளி. அதாவது, ‘என்னிடம் பலம் இல்லை, ஆனால் நீளம் இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே எதிராளியின் பேசும் இடத்தையும் பறிப்பது.

டபுள் என்பது முதலில் தண்டனை மட்டுமே. ‘உங்களால் முடியாது, பந்தயத்தைக் கூட்டுகிறேன்’ என்று அர்த்தம். 1957இல் ஆல்வின் ராத், டோபியாஸ் ஸ்டோன் என்ற ஜோடி இதை ஓரிடத்தில் மாற்றியது. கூட்டாளி ‘1’ என்று தொடங்கி, எதிராளி குறுக்கே வந்தால், டபுள் இனித் தண்டனை அல்ல. ‘கேட்காத மற்ற இனங்கள் என்னிடம் உண்டு, நீ பேசு’ என்ற அழைப்பு. அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியிருந்ததால், இந்தப் புதுமைக்கும் ‘ஸ்புட்னிக் டபுள்’ என்று பெயர் வந்தது. இன்று உலகம் முழுக்க அப்படித்தான் ஆடுகிறார்கள்.

அப்படியானால் பலவீனமான ‘2’க்குப் பிறகும் டபுள் அழைப்புத்தானே? இல்லை. பெரும்பாலான ஜோடிகளுக்கு அங்கே அது இன்றும் பழைய தண்டனைதான். காரணம் எளிது. ‘1’ என்று தொடங்கியவரின் கையில் 12 புள்ளியும் இருக்கலாம், 20 புள்ளியும் இருக்கலாம். அவரிடம் கேட்க நிறைய இருக்கிறது. ‘2 ஹார்ட்ஸ்’ சொன்னவரோ தன் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். இனி முடிவெடுப்பவர் நீங்கள்.

சரி, எப்படி முடிவெடுப்பது? இதற்கு உதவியவர் பிரான்ஸைச் சேர்ந்த ஜான் ரெனே வெர்ன். 1966இல் வந்த தன் நூலில் அவர் ஒரு கணக்கை விளக்கினார். 1992இல் லாரி கோஹன் எழுதிய புத்தகம் அதைப் பரவலாக்கியது. அதிலிருந்து வந்த நடைமுறை விதி இது: இருவரிடமும் சேர்ந்து எத்தனை துரும்போ, அத்தனை பிடி வரை கேட்கலாம்.

உங்களிடம் மூன்று ஹார்ட்ஸ் என்றால் 6+3, ஒன்பது. ‘3 ஹார்ட்ஸ்’ சொல்லுங்கள். இது அழைப்பு அல்ல. கூட்டாளி பாஸ் சொல்ல வேண்டும்.

நான்கு ஹார்ட்ஸ் என்றால் பத்து. கை பலவீனமாக இருந்தாலும் தயங்காமல் ‘4 ஹார்ட்ஸ்’. எதிராளி 4 ஸ்பேட்ஸ் ஆடி ஜெயித்தால், முதல் கேம் எடுக்காத நிலையில் அவர்களுக்கு 420. நீங்கள் டபுள் வாங்கி இரண்டு பிடி குறைந்தாலும் 300தான் போகும். மூன்று குறைந்தால் 500. அதனால் எல்லையும் உண்டு.

ஹார்ட்ஸ் ஒன்றே ஒன்று, ஸ்பேட்ஸில் கிங், ஜாக்கோடு நான்கு, வெளியே இரண்டு ஏஸ் என்றால் டபுள். 2 ஸ்பேட்ஸ் கேட்டவருக்குப் பிறகு சீட்டுப் போடுவது நீங்கள். உங்கள் கிங் அவருக்குப் பொறி. ஆனால் கணக்குத் தவறி அவர் எட்டுப் பிடி எடுத்தால், சாதாரண 110 அவருக்கு 470 ஆகிவிடும்.

இது எதுவும் இல்லையென்றால் பாஸ். பெரும்பாலும் அதுதான் சரி.

இதில் எனக்குப் பிடித்தது, கூட்டாளியின் பங்கு. நீங்கள் டபுள் சொன்னதும் அவர் பயந்து ‘3 ஹார்ட்ஸ்’ என்று ஓடக் கூடாது. தன் கையை முழுதாகச் சொன்னவர், அதற்கு மேல் உங்களை நம்ப வேண்டும். பிரிட்ஜில் இரகசிய ஒப்பந்தமும் கிடையாது. எதிராளி கேட்டால் அர்த்தத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே அடுத்த முறை யாரோடாவது ஜோடி சேரும்போது, சீட்டைப் பிரிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “நீங்கள் 2 சொல்லி, அவர்கள் குறுக்கே வந்தால், என் டபுளுக்கு என்ன அர்த்தம்?”