துணி தைத்த ரவிவர்மா படங்கள்

காரைக்குடியும் அதைச் சுற்றியுள்ள நகரத்தார் ஊர்களும் அடங்கிய செட்டிநாட்டில், பழைய வீட்டுச் சுவர்களில் ராஜா ரவிவர்மாவின் (1848–1906) அச்சுப்படங்களைப் பரவலாகக் காணலாம். அவற்றுள் சில வெறும் காகிதப் படங்கள் அல்ல. லட்சுமி, சரசுவதி முதலிய தெய்வங்களின் புடவைமீது துணியை வெட்டிப் பொருத்தி, சரிகை, சமிக்கி, மணி ஆகியவற்றால் வேலைப்பாடு செய்திருப்பர். முகமும் கைகளும் அச்சில் உள்ளபடியே விடப்பட்டிருக்கும். இத்தகைய படங்கள் இந்தியாவின் பிற பகுதிகளிலும் உண்டு.

படங்கள் வந்த வழி

ரவிவர்மா அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. பின்னர் லோணாவளா அருகிலுள்ள மளவ்லிக்கு மாறியது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல்லில் படத்தை எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவது அங்குக் கையாளப்பட்ட கல்லச்சு முறை. அரண்மனைகளில் இருந்த ஓவியங்கள் இதனால் வீடுகளுக்கும் வந்தன. நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் வணிகம் செய்து, ஊரில் பெரிய வீடுகள் கட்டிய காலமும் அதுவே.

ஐரோப்பிய ஒப்பீடு

மறுமலர்ச்சிக்கால ஐரோப்பாவில் ஓவியர்கள் துணியின் வேலைப்பாட்டைப் பார்த்து வரைந்தனர். இளைய ஹான்ஸ் ஹோல்பைன் 1536–37இல் தீட்டிய ஜேன் சீமோர் அரசியின் உருவப்படத்தில், சட்டையின் கைவிளிம்பிலுள்ள கறுப்பு நூல் வேலை நுட்பமாகத் தெரிகிறது. அவ்வகைத் தையலொன்று இன்றும் ‘ஹோல்பைன் தையல்’ எனப்படுகிறது. 1520களில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பூத்தையல் மாதிரி நூல்களும் அச்சாயின.

அங்கே துணியின் கோலம் படத்துக்குச் சென்றது. செட்டிநாட்டுப் படங்களில் படத்தின் புடவை துணியாயிற்று. தனி மாதிரி நூல் தேவைப்படவில்லை. அச்சிட்ட மடிப்பும் கரையுமே ஊசிக்கு வழிகாட்டின. ஆயினும் துணி, நிறம், சரிகை ஆகியவற்றைத் தைப்பவரே தேர்ந்ததால், ஒரே கல்லில் அச்சான லட்சுமி வீட்டுக்கு வீடு வேறு புடவை உடுத்தினாள்.

இன்றைய நிலை

காகிதம் பழுப்பேறுகிறது; துணியைப் பூச்சி அரிக்கிறது; சரிகை கறுக்கிறது. வீடுகள் பிரிக்கப்படும்போது பல படங்கள் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. படத்தின் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும். தைத்தவர் பெயர் பெரும்பாலும் இராது. அது அந்த வீட்டாரின் நினைவில் மட்டும் இருந்திருக்கும். வீட்டை விட்டுப் படம் வெளியேறும்போது அதுவும் மறைகிறது. ஆகவே, எந்த ஊர், எந்த வீடு, யார் கைவேலை என்பதைக் கேட்டு எழுதிவைப்பதும் இப்படங்களைக் காப்பதன் ஒரு பகுதியே.